செவ்வாய்க்கிழமை வேலை

எனக்கு எழுபத்து நான்கு வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்து, ஆறு பேரையும் அவரவர் காலில் நிற்க வைத்துவிட்டேன். நான் படித்தது இரண்டாம் வகுப்போடு சரி. எழுத்தில் பிழை இருந்தால் இருக்கட்டும், விஷயத்தில் இருக்காது.

அப்பா மார்க்கெட் ஸ்திரீட்டில் ஒரு சேலைக்கடைக்கு முன்னால், அஞ்சடி நடைபாதையில், தேத்தண்ணிக் கடை வைத்திருந்தார். ஒரு குவளையைத் தலைக்கு மேலே தூக்கி, இன்னொன்றை இடுப்புக்குக் கீழே பிடித்து அவர் தேத்தண்ணி இழுத்தால், சேலை எடுக்க வந்தவர்கள்கூட நின்று பார்ப்பார்கள். எனக்கு எட்டு வயதிருக்கும்போது, ஒரு காலையில் மேலே தூக்கிய குவளை விழுந்தது. கூடவே அவரும் விழுந்தார். வலது பக்கம் இழுத்துக்கொண்டது.

பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்து வீட்டுக்கு வந்தபோது கால் தேறியிருந்தது; கை தேறவில்லை. அம்மா கடையில் நின்றாள். அப்பா சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். சோறு ஊட்டினால் வாயைத் திறப்பார், அவ்வளவுதான்.

ஒருநாள் மருந்து வாங்கப் போன அம்மாவிடம் ஆஸ்பத்திரி ஆயா, மலாய்க்காரம்மா, ஒரு சேதி சொன்னாள். செவ்வாய்தோறும் அவரை அனுப்பி வை, கெர்ஜா மிஸ்ஸி பார்க்க வேண்டுமாம். மிஸ்ஸி என்றால் நர்ஸம்மா; கெர்ஜா என்றால் மலாயில் வேலை. அம்மாவுக்கு அது போதும். ஆஸ்பத்திரியில் அவருக்கு வேலை போட்டுக் கொடுக்கிறார்கள் என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

மாமாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "கை வெளங்காத மனுசனுக்கு என்னாக்கா வேலை? டாக்டர் வேலையா?"

"ரெண்டு கையும் வெளங்குற நீ என்னாத்தக் கிழிச்சிட்ட? போ லா!"

செவ்வாய்க்கிழமை வெள்ளைச் சட்டைக்குக் கஞ்சி போட்டுத் தேய்த்து மாட்டிவிட்டாள். அவள் கடையைப் பார்க்க வேண்டும். அதனால் அப்பாவோடு பஸ்ஸில் போனது நான்தான். வழியில் அவர் தலையைச் சீவிவிடச் சொன்னார். படுக்கையில் விழுந்த பிறகு அவராக என்னிடம் கேட்ட முதல் காரியம் அது.

மிஸ்ஸி ஒரு சீனப்பெண். மேசைமேல் பச்சைப்பயறும் சிவப்புப்பயறும் கலந்து கொட்டியிருந்தது. வலது கையால் பிரிக்க வேண்டுமாம். அப்பா பயறைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முகம் சுருங்கிப்போனது. எழுந்துகொள்ள நாற்காலியைப் பிடித்தார். எனக்கோ பயம். "அப்பா, ஒழுங்கா செய்யுங்கப்பா. மொத நாளே வேலையவிட்டுத் தூக்கிடுவாங்க!"

பிள்ளை என்ன சொல்கிறாள் என்று மிஸ்ஸி கேட்டாள். அப்பா வார்த்தையைத் தேடித் தேடி மலாயில் சொன்னார். அவள் சிரிக்கவில்லை. ஆமாம், நான் பொல்லாத முதலாளி, பாதியில் எழுந்துபோனால் பிடிக்காது என்றாள். அப்பாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. உட்கார்ந்தார்.

அப்புறம், இதற்கு முன்னால் என்ன வேலை செய்தாய் என்று கேட்டாள். அவர் இடது கையை உயரத் தூக்கிக் காட்டினார். அடுத்த வாரம் மேசைமேல் இரண்டு குவளை, பச்சைத்தண்ணி. மாத்திரை இல்லை, ஊசி இல்லை. பொத்தான் போடுவது, துணி சுற்றித் தடித்த கரண்டியைப் பிடித்துத் தானே சாப்பிடுவது, தண்ணியை இழுப்பது, இதுதான் அவள் வைத்தியம். தொழில்சார் சிகிச்சை என்று இப்போது பெரிய பேர் சொல்கிறார்கள். தண்ணி பாதி தரையில், பாதி சட்டையில்.

நனைந்த சட்டையோடு வீடு திரும்பினால் அம்மா கேட்பாள், "இன்னிக்கு என்னா வேலைங்க?"

"தண்ணி எறைக்கிற வேலை."

"கஷ்டமா?"

"பழகிக்கலாம்."

அம்மா பெரிய உத்தியோகஸ்தன் மனைவி மாதிரித் தலையாட்டுவாள். நானும் எங்கப்பா ஆஸ்பத்திரியில வேலை பாக்குறாரு என்று பள்ளிக்கூடத்தில் அலட்டிக்கொண்டேன்.

வருஷம் திரும்புவதற்குள் அப்பா கடைக்குத் திரும்பினார். தேத்தண்ணி ஒரு சாண் உயரம்தான் வந்தது. "என்னண்ணே, குட்டையாயிருச்சி?" என்று ஒருவர் கிண்டல் செய்தார். "ஒசரம்தான் கொறைஞ்சிருக்கு, சூடு அப்படியே இருக்கு. குடி லா" என்றார் அப்பா. அந்தக் குரலைக் கேட்டுப் பானைக்குப் பின்னால் நின்ற அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஆவி பட்டுவிட்டது என்று நினைத்தேன்.

கொத்தமல்லிக் கட்டுக்கு ஐந்து காசு குறைக்காமல் பாசாரைவிட்டு நகராதவள் என் அம்மா. அவள் அத்தனை செவ்வாயிலும் ஒரு தடவைகூட, அந்த வேலைக்குச் சம்பளம் எப்போது என்று அப்பாவைக் கேட்கவில்லை. எட்டு வயதுப் பிள்ளைக்கு அது உறைக்கவில்லை. உறைத்தபோது கேட்பதற்கு இரண்டு பேருமே இல்லை. எந்தச் செவ்வாயிலிருந்து உனக்குத் தெரியும்மா என்று ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டால் போதும் எனக்கு.

பேத்தி, இங்கே வாம்மா. நான் எழுதின இதை எனக்குப் படித்துக் காட்டு. அப்பாவும் அம்மாவும் பேசுகிற இடத்தை மட்டும் அவசரப்படாமல் படி.