தேருக்கு முன்னால், லொறிக்குப் பின்னால்

நான் லோபெட் ஓட்டுகிறவன். லோபெட் என்றால் தரையோடு தாழ்ந்து கிடக்கும் நீளமான ட்ரெய்லர். வேறு எதிலும் ஏற்ற முடியாத இயந்திரங்களை அதில் ஏற்றுவோம். கொழும்புத் துறைமுகத்தில் ஏற்றி நாடு முழுக்க இறக்கியிருக்கிறேன். அதில் முதல் பயணத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். மற்றதில் எழுத ஒன்றும் இல்லை. போனேன், இறக்கினேன், வந்தேன்.

பிறந்தது ஹல்துமுல்லைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீடுகளில் ஒன்றில். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. தொண்ணூறுகளில் கொழும்புக்குப் போய் லொறியில் கிளீனராக இருந்தேன். பிறகு டிப்பர் ஓட்டினேன். யுத்தம் நடந்த அந்தக் காலத்தில் ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் என்னை இறக்கி, அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். நான் பேசமாட்டேன். பார்த்து முடிந்ததும் ஏறி ஓட்டுவேன். ஓட்டத் தெரியும் என்பதில் எனக்குச் சந்தேகம் இருந்ததில்லை.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷம் கழித்து, பதுளைப் பக்கம் ரோடு அகலப்படுத்தும் வேலைக்கு ஒரு பெக்கோ கப்பலில் வந்தது. மண் தோண்டும் இயந்திரத்தை எங்கள் ஆட்கள் பெக்கோ என்பார்கள். சின்ன பெக்கோவை எல்லாரும் பார்த்திருப்பார்கள். இது சின்னது இல்லை. இரும்புச் சங்கிலியில் நகரும். ட்ரெய்லரில் ஏற்றினால் இரண்டு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். கையை மடக்கிப் படுக்க வைத்தாலும் டெலிபோன் வயரில் தட்டும்.

பழைய லோபெட் டிரைவர் முதுகு வலி என்று படுத்துவிட்டார். முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"மலை உன் ஊர்ப்பக்கம்தானே. நீ கொண்டு போ. ஒழுங்கா கொண்டு போனா லோபெட் உனக்கு. ஏதாவது ஆச்சு, டிப்பரும் இல்ல."

"சரிங்க."

"பாரத்தோட மலையில ரிவர்ஸ் மட்டும் எடுக்காத."

அதற்குக் காரணம் இருந்தது. முன்பு ஒருவர் அப்படி எடுத்து, ட்ரெய்லர் மடங்கி, ஒரு ரோட் ரோலர் பள்ளத்துக்குப் போயிருந்தது. ரோலரைத் தூக்கினார்கள். அந்த டிரைவரை மறுபடி யாரும் ஸ்டியரிங்கில் உட்கார வைக்கவில்லை.

துறைமுகத்தில் கிரேன் பெக்கோவை இறக்கி வைத்தபோது ட்ரெய்லர் ஒரு முறை அமுங்கி எழுந்தது. சங்கிலி போட்டு இறுக்கினேன். போட்டதை மறுபடி இறுக்கினேன். கூட வந்தவர்கள் இரண்டு பேர். முன்னால் சிவப்புக் கொடி கட்டிய பிக்கப்பில் எங்கள் கிளார்க் ஐயா. யாழ்ப்பாணத்துக்காரர். பொலிஸ் அனுமதி, துறைமுகப் பாஸ் எல்லாம் அவர் பையில். மற்றவன் என் சிங்களக் கூட்டாளி. இரத்தினபுரிக்காரன். நீள மூங்கிலின் நுனியில் ரப்பர் சுற்றி வைத்திருப்பான். வயர் வரும் இடத்தில் இறங்கி அதால் தூக்கிப் பிடிப்பான். நான் அடியில் போவேன்.

முதல் நாள் பலாங்கொடை வரை. கீழ்நாட்டு ரோடு, பிரச்சினை இல்லை. விடிந்ததும் டீ குடிக்கும்போது கிளார்க் ஐயா கேட்டார்.

"தம்பி, உங்கட பக்கத்தில இண்டைக்குத் திருவிழா கிருவிழா ஒண்டும் இல்லையோ?"

"எங்க தேர் அடுத்த வாரங்க ஐயா."

"வடிவாத் தெரியுமோ?"

"பிறந்ததில இருந்து தெரியும்."

ஏறினோம். பெலிஹுல்ஓயா தாண்டினால் ரோடு மேலேயேதான் போகும். பஸ்கள் பின்னால் கோர்த்துக்கொண்டு வந்தன. இடம் கிடைத்த இடத்தில் ஒதுங்கி வழி விட்டேன். ஹல்துமுல்லைக்குக் கொஞ்சம் முன்னால், தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு, அந்தக் கொட்டகைக்குப் பக்கத்தில் ரோடு நன்றாக அகலும். அந்த இடத்தை மனதில் குறித்துக்கொண்டேன். அதற்கு மேலே ஒரு வளைவு. ஒரு பக்கம் மலை வெட்டு. மறுபக்கம் பள்ளம், கரையில் வெள்ளையடித்த கல். வளைவில் பாதி திரும்பினதும் பிக்கப் நின்றது. நானும் நின்றேன்.

எதிரே எங்கள் முருகன் தேர் இறங்கி வந்துகொண்டிருந்தது.

பெரிய தேர் இல்லை. மரச்சில்லு, அதைச் சுற்றி இரும்புப் பட்டை. ஆனால் சோடனை ஏற்றினால் ரோட்டை நிறைக்கும். முன்னால் தவில், தப்பு, பால்குடம் தூக்கின பெண்கள். வடம் பிடித்தவர்களில் பாதிப் பேர் என் சொந்தம். தேர்ச் சில்லுக்குப் பக்கத்தில் முட்டுக்கட்டையோடு என் தாய்மாமா. தொழிற்சாலையில் அடுப்பு எரிக்கிறவர். இறக்கத்தில் தேரைப் பிடித்து இறக்குவது அவரும் அவருடைய ஆட்களும்தான். சில்லுக்கு முன்னால் கட்டையைப் போடுவார்கள், எடுப்பார்கள், மறுபடி போடுவார்கள். தேருக்கு வேறு பிரேக் கிடையாது.

"யாருடா அது, சாமிய மறிக்கிறது?"

கதவைத் திறந்து தலையை நீட்டினேன். "நான்தான் மாமா."

மாமா என்னைப் பார்த்தார். பிறகு பெக்கோவைப் பார்த்தார்.

"வருஷா வருஷம் தேருக்கு வாடான்னு சொல்லி அனுப்புறேன். வரல. இப்ப வந்த, வந்து ரோட்ட அடைச்சிக்கிட்டு நிக்கிற."

"தேர் அடுத்த வாரம்தானே மாமா?"

"தவில்காரங்களுக்கு அடுத்த வாரம் பூனாகலையில திருவிழா. அதனால முன்னுக்கு எடுத்துட்டோம். ஐயாவுக்குப் பத்திரிகை வைக்கணுமோ?"

வடம் பிடித்தவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

"கொஞ்சம் பின்னுக்கு எடுங்க மாமா. மேல தோட்டத்து ரோட்டு வாசல் வரைக்கும்."

"சாமி பின்னுக்குப் போகாது. தெரியும்ல?"

தெரியும். எங்கள் தேர் கீழே பிள்ளையார் கோயில் வரை போய், வேறு வழியாகத்தான் மேலே ஏறும். வந்த வழி திரும்பாது. வடமும் முன்னால் மட்டும்தான்.

"எனக்கும் பின்னுக்குப் போகக் கூடாதுன்னுதான் சொல்லி அனுப்பியிருக்காங்க."

"யாரு?"

"முதலாளி."

"இங்க முருகன் நிக்கிறாரு. யாரு பெரியவருன்னு நீயே பாத்துக்க."

கிளார்க் ஐயா பிக்கப்பில் இருந்து இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டுத் தேரைக் கும்பிட்டார். பிறகு என் கதவுக்குப் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்.

"தம்பி, கந்தனோட வழக்காட ஏலாது. முதலாளியோடயும் ஏலாது. நான் ரிவர்ஸ் எடுங்கோ எண்டும் சொல்லமாட்டன், எடுக்காதேங்கோ எண்டும் சொல்லமாட்டன். ஓட்டுறது நீங்கள்."

பால்குடத்தோடு நின்ற என் அத்தை அங்கிருந்தே குரல் கொடுத்தாள். "பால் தயிராகுறதுக்குள்ள ஒரு முடிவுக்கு வாங்கப்பா. கழுத்து இறங்குது."

நான் இறங்கிப் பின்னால் நடந்து போய்ப் பார்த்தேன். மடுவம் வரை போனால் போதும். தூரம் பெரிய தூரம் இல்லை. வளைவுதான் பிரச்சினை. இன்னொன்று பிரேக். எங்கள் லொறிப் பிரேக் காற்றில் வேலை செய்வது. இறக்கத்தில் மிதித்து மிதித்து விட்டால் காற்றுக் குறையும். இடையில் நிறுத்திக் காற்று ஏற விடவேண்டும். அந்த நேரம் பாரத்தைச் சில்லில் யாராவது பிடிக்கவேண்டும். எங்களிடம் இருந்தது இரண்டு கட்டை. அந்த பெக்கோவுக்கு அது காணாது. கண்ணாடியிலும் பெக்கோவைத் தவிர ஒன்றும் தெரியாது.

தேருக்கு அடியில் கட்டை அடுக்கி வைத்திருந்தார்கள். முதிரை மரம். மஞ்சள் பூசியிருந்தது.

"மாமா, உங்க ஆளுங்கள எனக்குத் தாங்க."

"எதுக்கு?"

"தேர் நிக்கட்டும். நான் மடுவத்துக்குப் போறேன். நீங்க கட்டை போடுங்க."

மாமா தலைத்துண்டை அவிழ்த்து மறுபடி கட்டினார். நான் கேட்டது அவருக்குப் பிடித்திருந்தது. "தேர் இறக்கினவனுக்கு இது என்னடா பெரிய வேலை" என்றார்.

தேருக்கு இரண்டு பேரை நிறுத்திவிட்டு மற்றவர்கள் வந்தார்கள். எஞ்சின் சத்தத்தில் எனக்குக் கூப்பிடுவது கேட்காது. அதற்கும் மாமா வழி சொன்னார். தவில் அடிக்கிற வரைக்கும் வா, நின்றால் நில். தேருக்கும் அப்படித்தான். தவில்காரர் ட்ரெய்லருக்குப் பின்னால் போய் நின்றார். கூட்டாளி பஸ்களை மடுவத்துக்குக் கீழே தள்ளி நிறுத்தினான். கிளார்க் ஐயா பள்ளப் பக்கம் போய், கரைக்கல்லில் காலை வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ரிவர்ஸ் போட்டேன். தவில் தொடங்கியது. ட்ரெய்லர் மெதுவாக வளைந்தது. நன்றாகத்தான் வளைந்தது. கொஞ்சத் தூரத்தில் தவில் நின்றது. மிதித்தேன். "போட்டாச்சு" என்று என் கதவுக்குக் கீழே நின்ற மாமா கையைத் தூக்கிக் காட்டினார். காற்று அளவு காட்டும் முள்ளைப் பார்த்துக்கொண்டே பிரேக்கைத் தளர்த்தினேன்.

லொறி வழுக்கியது.

இரண்டு காலாலும் மிதித்தேன். பின்னால் டொக் என்று ஒரு சத்தம். நின்றுவிட்டது. ட்ரெய்லர் மூலை ஒரு கரைக்கல்லைச் சாய்த்துவிட்டு அதன் மேல் நின்றது. அந்தக் கல்லுக்கு அப்பால் தேயிலை மலை கீழே இறங்கிப் போனது. கிளார்க் ஐயா பக்கத்துக் கல்லில் நின்றார். நகரவில்லை.

கதவைத் திறந்து லொறிச் சில்லைப் பார்த்தேன். கட்டையெல்லாம் ஒழுங்காகப் போட்டிருந்தார்கள். சில்லுக்கு முன்னால். மேட்டுப் பக்கம்.

"மாமா," என்றேன், "கட்டை எங்க இருக்கு?"

மாமா குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். முகம் வேர்த்திருந்தது.

"தேருக்கு முன்னாலதானடா போடுறது. மூஞ்சி இருக்கிற பக்கம். கை பழகிருச்சி."

"இது மூஞ்சிய இங்க காட்டிக்கிட்டு முதுகால போறது மாமா."

முதலில் அத்தைதான் சிரித்தாள். பிறகு எல்லாரும். அந்தச் சிரிப்புக்குப் பிறகு எனக்குப் பயம் இல்லை. என்ன பிழை என்று தெரிந்துவிட்டது. தெரிந்த பிழையை மறுபடி விடமாட்டார்கள். காலை எடுக்காமல், கட்டைகளைப் பின்பக்கம் மாற்றச் சொன்னேன். மாற்றினார்கள். மெல்லத் தளர்த்தினேன். பாரம் முழுக்க அந்த முதிரைக் கட்டையில் போய் உட்கார்ந்தது. அசையவில்லை. காற்று முள் ஏறியது.

லொறியை ஒரு எட்டு முன்னுக்கு எடுத்து, கல்லில் இருந்து மூலையை விடுவித்தேன். பிறகு மறுபடி பின்னுக்கு.

"டேய், சொல்லிக்கிட்டே போடுங்கடா," என்று மாமா கத்தினார். "தேருக்கு முன்னால!"

"லொறிக்குப் பின்னால!" என்றார்கள் கட்டைக்காரர்கள்.

மேலே வடத்தில் நின்றவர்கள் சும்மா இருக்கவில்லை. ஒவ்வொரு முறையும் "அரோகரா" போட்டார்கள். அப்படியே மடுவம் வரை போனோம். நான் ஓட்டினதிலேயே மெதுவான ஓட்டம் அதுதான். ட்ரெய்லர் வேறு எதிலும் தட்டவில்லை.

மடுவத்து ஓரமாக ஒதுங்கி எஞ்சினை நிறுத்தினேன். கிளார்க் ஐயா பிக்கப்பையும் பின்னுக்கு எடுத்து எனக்கு முன்னால் ஒதுக்கினார். தேர் இறங்கி வந்தது. எனக்கும் தேருக்கும் நடுவில் ஒரு ஆள் நுழைய இடம் இருந்தது. அந்த இடத்தில் டெலிபோன் வயர் தாழ்ந்து தொங்கும். தேர்க் கலசம் தட்டப் போனது. என் சிங்களக் கூட்டாளி யாரும் கேட்காமலே மூங்கிலை எடுத்து வயரைத் தூக்கிப் பிடித்தான். முருகன் அடியில் போனார். பெக்கோவுக்குப் பிடிப்பதைவிட இன்னும் உயர்த்திப் பிடித்தான். அவனுக்குத்தான் முதலில் விபூதி கொடுத்தார்கள். போகிற போக்கில் யாரோ பெக்கோவின் வாளியில் சந்தனம் பூசிவிட்டுப் போனார்கள்.

மாமா கட்டைகளைப் பொறுக்கிக்கொண்டார். போகும்போது, "அடுத்த வருஷம் நாள் சொல்லி அனுப்புறேன். லொறி இல்லாம வா" என்றார்.

அதற்குப் பிறகு பெரகலை, ஹப்புத்தளை, பண்டாரவளை. வளைவுகள் அங்கேதான் மோசம். ஒன்றும் நடக்கவில்லை. பதுளையில் பெக்கோவை இறக்கினதும் கிளார்க் ஐயா முதலாளிக்குப் போன் எடுத்து என்னிடம் கொடுத்தார். மறைக்க ஒன்றும் இல்லை. நானே சொன்னேன்.

"ரிவர்ஸ் எடுத்தேங்க."

"பாரத்தோடயா?"

"ஆமாங்க."

"மெசினுக்கு?"

"ஒண்ணும் இல்ல. ஒரு கரைக்கல் சாஞ்சிருச்சி."

"கட்டை யாரு போட்டது?"

"தேர்க்காரங்க."

முதலாளி, "நாளைக்கு லோபெட்டக் கீழ கொண்டு வா. திங்கக்கிழமை ஹார்பர்ல இன்னொண்ணு இருக்கு" என்றார். எனக்கு அது போதும்.

இறங்கி வரும்போது அந்த வளைவில் நின்று, கூட்டாளியும் நானும் கல்லை நிமிர்த்தி நட்டோம்.

அன்றைக்குப் பிறகு மலைப்பக்கம் பாரம் வந்தால், கிளார்க் ஐயா துறைமுகத்துக்கு நாள் குறிப்பதற்கு முன்னால் என்னைக் கேட்பார். "தம்பி, உங்கட தேர் எப்ப? மாமாட்டக் கேட்டுச் சொல்லுங்கோ. உங்கட அடுத்த வாரம் எனக்கு வேண்டாம்." மாமாவும் நாள் சொல்லி அனுப்புவார். அந்த நாளில் லோபெட் யார்டில் நிற்கும். நான் பஸ்ஸில் போவேன்.

தேரில் இடது சில்லுக் கட்டை இப்போது என்னுடையது. முன்னால்தான் போடுகிறேன்.