வாடி பிரிய ஆறு நாள்

என்னை விட்டுவிட்டு இன்னொருத்தியோடு போன மனுசன், பிள்ளைக்கு மாதம் ஐந்து ரூபாய் கட்ட வேண்டும் என்று மன்னார் நீதிமன்றம் தீர்த்திருந்தது. மூன்று மாதமாக ஒரு சதமும் வரவில்லை. எங்கள் ஊர் தாழ்வுபாட்டில் நான் கடன் கேட்காத வீடு இல்லை. மகளுக்கு ஒன்றரை வயது. கஞ்சித் தண்ணீரைக் கொடுத்தால் கோப்பையைத் தட்டிவிட்டு என் மார்பைத் தேடுவாள். அங்கேயும் ஒன்றுமில்லை.

அவன் வெள்ளாங்குளத்துக் கரையில், தோணியும் வலையும் சொந்தமாக வைத்திருக்கிற எங்கள் ஊர்ச் சம்மாட்டியார் மீன்பிடிப் பருவத்துக்குக் கொட்டில் போட்டிருந்த மீன்வாடியில் வலை இழுத்துக்கொண்டிருந்தான். வலை இழுக்கிறவனுக்கு மாதச் சம்பளம் கிடையாது, சாப்பாடும் புகையிலையும்தான். பருவம் முடிந்து வாடி பிரிக்கிற அன்றுதான் பங்கு கைக்கு வரும். இடையில் போனவனுக்குப் பங்கில்லை. இது எங்கள் கரையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வெள்ளைக்கார நீதவானுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

"மூண்டு மாதத்திலை ஏதாவது தந்தவரோ?" மறுபடி நீதிமன்றம் ஏறி நின்ற என்னிடம் நீதவானின் கேள்வியை மொழிபெயர்ப்பாளர் கேட்டார்.

"ஒரு சதமும் இல்லை ஐயா."

"அவரைப் பிடிக்க விறாந்துக் கட்டளை கேக்கிறீரோ?"

வாடி பிரிய இன்னும் கொஞ்ச நாள்தான் என்பது நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் முந்திய ஞாயிறு பூசையில் அவன் கூட்டிப்போனவளைப் பார்த்திருந்தேன். சம்மாட்டியாரிடம் முற்பணம் வாங்கி அவன் எடுத்துக் கொடுத்த புதுச் சேலையில் நின்றாள். ஆத்திரக்காரருக்குப் புத்தி மட்டு.

"ஓம்" என்றேன்.

வாடியிலேயே பிடித்தார்கள். கட்டக் காசில்லாததால் மூன்று மாதம் மறியல், சிறைவாசம். செய்தி கேட்டதும் எனக்குச் சந்தோசமாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். பிறகுதான் கணக்குப் பார்த்தேன். மறியலில் அவனுக்கு வேளைக்குச் சோறு கிடைக்கும். பிள்ளைக்கு?

வாடி பிரித்துச் சம்மாட்டியார் ஊருக்கு வந்த அன்றே, மகளைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்கு ஓடினேன்.

"அவரின்ரை பங்கிலை பிள்ளைக்கு ஏதும் தாங்கோ ஐயா. உங்கடை காலைப் பிடிக்கிறன்."

"இடையிலை போனவனுக்கு என்ன பங்கு? முற்பணமே எனக்கு நட்டம். நீ இந்தக் கரையிலை பிறந்தனி, உனக்குத் தெரியாதே?" பிள்ளையைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பினார். "ஆறு நாள். ஆறே ஆறு நாள் பொறுத்திருக்கலாம்."

கிணற்றடியிலும் கோவில் வாசலிலும் எல்லோரும் அதையே சொன்னார்கள். ஆறு நாள் பொறுத்திருக்கலாம். அதற்கு முன் மூன்று மாதம் எப்படிப் பொறுத்தாய் என்று ஒருத்தரும் என்னிடம் கேட்கவில்லை.