அக்கா கட்டிய பல் செட்டு

என் அக்கா இருபது வருஷம் பல் செட்டு செய்தவள். எங்கள் ஊரில் அவளிடம் தொழில் கற்றவர்கள் பலர் இன்று தனிக்கடை வைத்திருக்கிறார்கள். இந்த நாட்டுக்கு வந்ததும் அவளுடைய சான்றிதழ் செல்லாக்காசாகிவிட்டது. ஒரு பல் செட்டுக் கூடத்தில் அச்சு கழுவும் வேலைதான் கிடைத்தது. அதாவது, பேருக்குத்தான் அந்த வேலை. செட்டு முழுக்க அவள் செய்வாள், முதலாளி கையெழுத்துப் போடுவார். அந்த மனுஷனுக்கு மெழுகு உருக்கக்கூடத் தெரியாது.

நாலாவது தடவை விண்ணப்பித்த பிறகு, வெளிநாட்டுப் படிப்பை எடைபோடும் அலுவலகத்தில் கூப்பிட்டார்கள். நானும் துணைக்குப் போனேன். அதிகாரி ஓர் அட்டவணையின் மேல் விரலை ஓட்டினார். அந்த மேதாவி வாழ்நாளில் பிடித்த ஒரே கருவி அந்த விரலாகத்தான் இருக்கும்.

"உங்க படிப்பு இங்க ரெண்டாம் நிலைதாம்மா. கழுவலாம், துடைக்கலாம். பல் செய்யத் தெரியும்னு என்ன ஆதாரம் இருக்கு?" என்று சிரித்தார்.

அக்கா அந்தச் சிரிப்பையே பார்த்தாள். வரிசை ஒரே சீராக இருந்தால் பொய்ப்பல் என்று தெரிந்துவிடும் என்று, எப்போதும் இடது கோரைப்பல்லை மட்டும் இம்மியளவு திருப்பி வைப்பது அவள் வழக்கம். அவர் வாயிலும் அது திரும்பியிருந்தது. மேசைமேல் இருந்த பெயரும் கூடத்துக்கு வந்த சீட்டில் அவள் பார்த்த பெயர்தான்.

"போன மாசம் கீழ் செட்டு உறுத்துதுன்னு எங்க கூடத்துக்குத் திருப்பி அனுப்பினீங்களே, இப்ப பரவாயில்லையா சார்?"

"அட, இப்ப வச்சிருக்கறதே தெரியல! உங்க முதலாளி கைராசிக்காரரும்மா" என்று, அவள் செய்த பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி இரண்டாம் நிலை முத்திரையைக் குத்தினார்.