காய்ந்த விறகு எடித்

இரண்டு விறகுக் கட்டைகளை ஒன்றோடொன்று மோதி 'டணார்' என்று ஓசை எழுப்பிவிட்டுத்தான் எடித் வாயைத் திறப்பாள். "கேட்டீங்களோ? கோயில் மணி தோத்துப்போகும். ஒரு பொட்டு ஈரம் இல்லை." அந்த ஓசை கேட்டால்தான் அவளுடைய கழுதை கப்பித்தானும் அடுத்த வீட்டுப் படலைக்கு நகரும். அடித்தாலும் கெஞ்சினாலும் அசையாது.

பேசாலையில் அவளை அறியாத அடுப்பு இல்லை. வீட்டுக்குள் தகரக் கூரையின் கீழ் விறகு படுத்திருக்கும். எடித் தாழ்வாரத்தில் படுப்பாள். "நான் நனைஞ்சா தடிமன் வரும், போகும். விறகு நனைஞ்சா யாவாரம் போகும்" என்பாள்.

கார்த்திகையில் அடித்த புயல் அந்த யாவாரத்திலேயே கை வைத்தது. வேம்பும் பூவரசும் பனையும் ஊர் முழுக்க முறிந்து விழுந்தன. வீட்டுக்கு வீடு முற்றத்திலேயே விறகு கிடக்க, யார் வாங்குவார்கள்? எடித் வானத்தோடு சண்டைக்கே போய்விட்டாள். "ஆண்டவரே, நீரும் விறகு யாவாரம் தொடங்கிட்டீரோ? அதுவும் சும்மா குடுக்கிறீரே!" இரண்டு கிழமையாக ஒரு கட்டும் போகவில்லை. கப்பித்தானை விற்றால்தான் சோறு என்ற நிலை. அதன் காதைத் தடவித் தடவி அழுதாள், பாவம்.

கிறிஸ்து பிறந்த நாளான நத்தார் நெருங்கியது. பலகாரச் சட்டிகள் அடுப்பேறின. ஈர வேம்பு எரியுமா? ஊதி ஊதி ஊரே கண் சிவந்து மூக்கைச் சிந்தியது. எடித்துக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. டணார்! "ஒரு கட்டுக்கு ஒரு கொத்து அரிசி. முத்தத்தில கிடக்கிற மரத்தையும் நானே இழுத்துக்கொண்டு போறன்." நான்கே நாளில் வீட்டுக்குள் இருந்த காய்ந்த விறகு தீர்ந்தது, அடுத்த ஆண்டுக்கான மரம் வேலியோரம் குவிந்தது. கப்பித்தான் தப்பியது.

நத்தாருக்கு முதல் நாள் மாலை, பெற்றிசியா தன் படலையில் நின்று, கப்பித்தானோடு வீடு திரும்பிய எடித்தை மறித்தாள். கையில் தொதல் பலகாரம் கிண்டிய அகப்பை.

"எடித் அக்கா, தொதல் அரைவாசியில நிக்குது. நெருப்பு அணையப்போகுது!"

"விறகு முடிஞ்சுது பிள்ளை."

"உங்கட கையில ரெண்டு இருக்கே!"

"இது விறகில்லையடி! இதைத் தட்டாட்டி இவன் வீடு வரமாட்டான்."

பெற்றிசியாவின் கண்ணில் நீர் வழிந்தது. புகையாலா, அழுகையாலா, யார் கண்டது? எடித் முணுமுணுத்தபடி உள்ளே போய் இரண்டு கட்டைகளையும் அடுப்பில் செருகினாள். குப்பென்று பிடித்தது. ஈர விறகும் சேர்ந்து எரியத் தொடங்கியது.

வெளியே வந்து கயிற்றைப் பிடித்து இழுத்தாள். கப்பித்தான் அசையவில்லை. எடித் தெருவின் இரண்டு பக்கமும் ஒரு தரம் பார்த்தாள். பிறகு அதன் காதருகே குனிந்து, தன் வாயாலேயே சொன்னாள்: "டணார்!"