மதிலுக்கு வெளியே பழுத்த அத்தி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் நான் கீழக்கரையில் பிரசவ நர்ஸாக இருந்தேன். மாசமாக இருந்த ஒரு மருமகளைப் பார்க்க வாரம் ஒருமுறை அவள் வீட்டுக்குப் போவேன். ஒல்லியான உடம்பு, அத்திப்பால் பட்டுப் புண்ணான விரல்கள். கொழும்பிலிருக்கும் கணவர் திரும்பும்வரை அவள் தெருவாசலைத் தாண்டக் கூடாது என்பது அந்த வீட்டுக் கட்டளை.

மாமனார் ஹஜ்ஜுக்குப் போய்க் கொண்டுவந்த சீமை அத்திக் குச்சியைக் கொல்லையில் நட்டு அவள்தான் மரமாக்கியிருந்தாள். அதன் கிளைகள் மதிலைத் தாண்டித் தெருப்பக்கம் சாய்ந்துவிட்டன. வெளியே பழம் விழும் சத்தம் கேட்டால் பேச்சைப் பாதியில் நிறுத்திவிடுவாள்.

ஒருநாள் கேட்டாள்: "நர்ஸம்மா, வெயிலு படுறதால அங்கன காய்க்கிறதுதான் இனிப்பாம். எனக்கு ஒன்னு பறிச்சிட்டு வாரீகளா?"

அடுத்த வாரம் தெருவில் நின்று இரண்டு பறித்தேன். ஒன்றை அங்கேயே தின்றேன். கருப்பட்டிப் பாகாக இனித்தது. கொல்லைப் பக்கத்துப் பழங்களை அவள் எனக்குக் கொடுத்ததுண்டு. அவை சப்பென்று இருக்கும்.

மற்றதை அவளிடம் நீட்டினேன். மெதுவாக மென்றாள். தோலைக்கூட மிச்சம் வைக்கவில்லை.

"எப்படி இருக்கு?" என்றேன்.

"எல்லாம் ஒன்னுதான் நர்ஸம்மா. இங்கன உள்ளது மாதிரிதான் இருக்கு."

சொல்லிவிட்டு மரத்துக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டாள். அந்த இனிப்பு தெரியாத நாக்கு இருக்க முடியாது. ஏன் அப்படிச் சொன்னாள் என்று கேட்க எனக்குத் துணிவு வரவேயில்லை.