அவருக்குக் கிடைக்கக் கூடாது என்று வேண்டினேன்

போன வருடம் ஆடி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. முப்பது மாணவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது எனக்குப் பேச்சு நின்றுபோனது. பலகையில் எழுதிய கணக்கு பாதியில் நின்றது. அடுத்த வரி என்ன என்று தெரியவில்லை. பதினேழு வருடமாக நான் சொல்லிக்கொடுத்த பாடம் அது.

மாரியம்மன் பக்தர்களே, நடந்ததை மறைக்காமல் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். எழுதுவதற்கே எனக்கு ஒரு வருடம் ஆனது.

மலேசியாவின் மலாக்கா பட்டணத்தில் ஒரு தனியார் கல்லூரியில் புள்ளியியல் விரிவுரையாளராக இருந்தேன். மாணவர் சேர்க்கை குறைந்துகொண்டே வந்தது. முதலில் எங்கள் ஒப்பந்தத்தை மூன்று வருடத்திலிருந்து ஒரு வருடமாக்கினார்கள். பிறகு ஆறு மாதம். அந்த வருடத் தொடக்கத்தில் ஒரு கூட்டம் போட்டுச் சொன்னார்கள்: இரண்டு துறைகளை ஒன்றாக்கப் போகிறோம், புள்ளியியலுக்கு ஒரே ஓர் இடம்தான்.

நாங்கள் இரண்டு பேர் இருந்தோம். நானும் தேவகியும்.

தேவகி என்னைவிட ஐந்தாறு வயது இளையவர். ஒன்பது வருடம் அடுத்தடுத்த அறையில் வேலை செய்தோம். ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றால் மற்றவர் வகுப்பைப் பார்த்துக்கொள்வோம். அந்தக் கூட்டத்துக்குப் பிறகு எங்கள் பேச்சு நின்றுவிட்டது. நடைபாதையில் எதிர்ப்பட்டால் தலையை ஆட்டிவிட்டுப் போவோம். அவர் அறையில் விளக்கு எரிந்தால் நான் வீட்டுக்குப் போக மாட்டேன். அவர் ஒரு கட்டுரை எழுதுகிறார் என்று கேள்விப்பட்டால் நான் இரண்டு தொடங்குவேன். ஒன்றையும் முடித்ததில்லை.

தூக்கம் போனது. சோறு இறங்கவில்லை. என் மனைவி செல்வராணி ஒருநாள் கேட்டாள். "என்னாங்க, ஒரு மாதிரியா இருக்கீங்க?"

"ஒன்னும் இல்ல லா. பேப்பர் திருத்துற வேலை கூட."

எப்படிச் சொல்வேன்? எங்கள் குடும்பத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவன் நான் ஒருவன்தான். கல்யாண வீட்டில் என்னை யாருக்காவது அறிமுகப்படுத்தினால் பேருக்கு முன்னால் அதைத்தான் சொல்வார்கள். அப்படிப்பட்டவனுக்கு வேலை போகப்போகிறது என்று என் வாயால் சொல்ல முடியவில்லை.

வெள்ளிக்கிழமைதோறும் செலண்டார் பக்கம், எங்கள் குலதெய்வம் இருக்கும் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குப் போவேன். எலுமிச்சை விளக்கு ஏற்றுவேன். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. வேலையைக் கொடு என்று மட்டும் நான் கேட்கவில்லை. தேவகிக்கு அது கிடைக்கக் கூடாது என்று கேட்டேன். நேர்காணலில் அவர் தடுமாறிப் போக வேண்டும் என்று கைகூப்பிக் கேட்டேன். பதினோரு வாரம் இடைவிடாமல் கேட்டேன்.

தடுமாறியது நான்தான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை, புவனா என்கிற மாணவி எழுந்து வந்து, "சார், உக்காருங்க சார்," என்றாள். நான் உட்காரவில்லை. பையைக்கூட எடுக்காமல் வெளியே வந்து காரை எடுத்தேன். எங்கே போகிறேன் என்று தெரியாமலே போனேன். இரண்டு பக்கமும் செம்பனை மரத் தோட்டம். எதிரே ஒரு லாரி வந்தது. கையைக் கொஞ்சம் திருப்பினால் எல்லாம் முடிந்துவிடும் என்று ஒரு நினைப்பு வந்தது. லாரி கடந்து போனது.  அதற்குமேல் மெதுவாகத்தான் ஓட்டினேன். கோயில் வாசலில்தான் நிறுத்தினேன்.

உச்சி நேரம். கோயில் பூட்டியிருந்தது. இரும்புக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வேலை ஞாபகத்துக்கே வரவில்லை. "அம்மா, என்னால முடியல. யாரையாச்சும் அனுப்பு," என்றேன். அவ்வளவுதான். அதற்குமேல் அழுகைதான் வந்தது.

போன் அடித்தது. பார்த்தால் தேவகியின் பெயர். எடுக்கவில்லை. நின்றது. மறுபடியும் அடித்தது. எடுத்தேன்.

"சார், எங்க இருக்கீங்க? புவனா அழுதுகிட்டே வந்து சொன்னா."

கதவைப் பிடித்தபடி போனைக் காதில் வைத்திருந்தேன்.

"வீட்டுக்கு இன்னும் சொல்லல. எங்கன்னு மட்டும் சொல்லுங்க சார்."

"கோயில்ல. செலண்டார்ல."

"அங்கேயே உக்காருங்க. கார எடுக்காதீங்க. நான் வர்றேன். போன வைக்காதீங்க."

வரும் வழியெல்லாம் ஸ்பீக்கரில் பேசிக்கொண்டே வந்தார். சிவப்பு விளக்கில் நிற்கிறேன், மழை தூறுது, முன்னால் ஒரு டிராக்டர் போகுது என்று கண்ணில் பட்டதையெல்லாம் சொன்னார். நான் "ம்" மட்டும் சொன்னேன். அந்த "ம்" நின்றுவிடக் கூடாது என்றுதான் அவர் பேசியிருக்கிறார். பிறகுதான் எனக்குப் புரிந்தது.

வந்து படியில் சற்றுத் தள்ளி உட்கார்ந்தார். ஒரு போத்தல் தண்ணீரைக் கொடுத்தார். குடித்தேன். இனி மறைக்க முடியாது என்று தோன்றியது.

"உங்களுக்கு அந்த வேலை கிடைக்கக் கூடாதுன்னு இந்தக் கோயில்ல வேண்டிக்கிட்டேன்," என்றேன்.

அவர் போத்தலை வாங்கி மூடினார். பிறகு தரையைப் பார்த்தபடி சொன்னார். "நானும்தான் அண்ணே. எங்க வீட்டுப் பக்கத்துப் பிள்ளையார்கிட்ட."

ஒன்பது வருடத்தில் அவர் என்னை அண்ணே என்று கூப்பிட்டது அதுதான் முதல் முறை. இரண்டு மாதமாகத் தானும் மனப் பதற்றத்துக்கு மருந்து எடுப்பதாகச் சொன்னார். அடுத்த அறையில்தான் இருந்தார். எனக்குத் தெரியவில்லை.

அங்கிருந்து நேராக என்னை ஓர் அரசாங்க கிளினிக்குக்குக் கூட்டிப்போனார். இளம் மலாய் டாக்டர் ஒருவர் பொறுமையாகக் கேட்டார். லாரியைப் பற்றியும் சொன்னேன். அன்று சாயங்காலம் செல்வராணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தேவகி பக்கத்தில் இருந்ததால்தான் சொல்ல முடிந்தது. திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேலை போனா போகட்டும் லா. நீங்க இருக்கணும்."

மருந்து, மனநல ஆலோசனை, ஒரு மாத விடுப்பு. உடனே சரியாகிவிடவில்லை. சில நாள் படுக்கையை விட்டு எழுந்ததே பெரிய காரியம். மெல்ல மெல்லப் பசி வந்தது. மாலையில் செல்வராணியோடு நடக்கத் தொடங்கினேன். கல்லூரி மின்னஞ்சலை வீட்டில் திறப்பதை விட்டேன். தேவகியும் நானும் மறுபடி பேசிக்கொண்டோம். எங்களைப் போலவே பயந்திருந்த இன்னும் மூன்று பேர் எங்களோடு சேர்ந்தார்கள். வாரம் ஒருமுறை கேண்டீனில் உட்கார்ந்து, யார் தூங்கினோம், யார் தூங்கவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டோம். ஒரு மலாய்க்காரர், ஒரு சீனர், நாங்கள் மூன்று தமிழர்கள். அவரவர் தெய்வத்தை அவரவர் கும்பிட்டோம்.

வருடக் கடைசியில் அந்த இடம் தேவகிக்குக் கிடைத்தது. அவரே வீட்டுக்கு வந்து சொன்னார். சொல்லும்போது அழுதவர் அவர்தான். எனக்கு வருத்தம் இருந்தது, இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அன்று இரவு நான் சாப்பிட்டேன். தூங்கினேன்.

இப்போது இரண்டு இடங்களில் பகுதிநேரமாகப் பாடம் எடுக்கிறேன். ஒன்று சிம்பாங் அம்பாட் பக்கம். அடுத்த பருவத்துக்குக் கூப்பிடுவார்களா என்று இன்றைக்கும் தெரியாது. எதுவும் உறுதியில்லை. ஆனால் வகுப்பில் என் பேச்சு நிற்பதில்லை. மாணவர் யாராவது முகம் வாடியிருந்தால் எனக்குத் தெரிகிறது. கூப்பிட்டு விசாரிக்கிறேன்.

பதினோரு வாரம் விளக்கேற்றிக் கேட்டதை அம்மன் கொடுக்கவில்லை. கொடுக்காததற்கு அவள் காலில் விழுந்து நன்றி சொல்கிறேன். பூட்டிய கதவுக்கு வெளியே ஒரே ஒரு முறை கேட்டதைச் சில நிமிடத்தில் கொடுத்தாள். யார் வரக் கூடாது என்று நினைத்திருப்பேனோ அவரையே அனுப்பினாள்.

நாளைக்கு வேலை இருக்குமா என்ற பயத்தோடு இதைப் படிக்கிறவர்கள் இருந்தால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அவளிடம் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். அசிங்கமான நினைப்பாக இருந்தாலும் சொல்லுங்கள், அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ள மாட்டாள். அவள் அனுப்பும் ஆள் நீங்கள் எதிர்பார்த்த ஆளாக இல்லாமல் போகலாம். வந்தவரைப் பக்கத்தில் உட்கார விடுங்கள்.