பதில் சொல்லாத எடை மேடை

அடுத்தவர் எழுதியதைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிற உத்தியோகம் இருக்கிறதே, அதில் மாட்டிக்கொண்டவர்களுக்கு என் கதை புரியும். எண்பதுகளின் கடைசியில், தருமபுரியில், வண்டியோடு சரக்கை நிறுக்கும் எடை மேடைகளுக்குக் கம்ப்யூட்டர் பொருத்தும் ஒரு சின்னக் கம்பெனியில் எனக்கு அந்த வேலை.

பெயர் வைத்த படலம்

எங்கள் கம்பெனியில் புரோகிராம் எழுதும் சேவியர் பத்து வரியில் ஒன்று எழுதி வந்தார். கம்ப்யூட்டரின் அடிப்படை புரோகிராமான கர்னலுக்குள் இருந்துகொண்டு, வெளியே மாட்டியிருப்பது பழைய மேடையா புதிய மேடையா என்று கண்டு சொல்லவேண்டும். இரண்டுக்கும் எடைக் கணக்கு வேறு. அவ்வளவுதான் அதற்கு வேலை. நான் சிவப்புப் பேனாவை எடுத்தேன். அதன் பெயர் நீளம் என்றேன், சுருக்கினார். புரியவில்லை என்றேன்; நீட்டினார். மூன்று நாள் இதே கூத்து. கடைசியில் சேவியர் சொன்னார்: "எம்பொண்ணுக்கு ஞானஸ்நானம் குடுக்கறப்பகூட சாமியார் இத்தன கேள்வி கேக்கலைங்க சார்."

ஒன்பதாவது வரி

அப்புறம்தான் ஒன்பதாவது வரி கண்ணில் பட்டது. மேடையிடமிருந்து பதில் வராவிட்டால் பழைய மேடை என்றே வைத்துக்கொள், என்றிருந்தது. தெரியாததைத் தெரியாது என்றல்லவா சொல்லவேண்டும்? ஆனால் மூன்று நாளைப் பெயரிலேயே தின்றுவிட்டவன் எந்த முகத்தோடு மறுபடி வாயைத் திறப்பது? தயங்கித் தயங்கித்தான் மானேஜரிடம் சொன்னேன். அவர் பேனாவை நீட்டினார்: "படிச்சுப் பாக்கத்தாங்க உங்கள வச்சிருக்கறது, பயப்படறதுக்கு இல்ல."

கையெழுத்தைப் போட்டேன்.

அரூர் மண்டி

அரூரில் ஒரு புளி மண்டியில் புது மேடை வைத்தோம். அடையாளம் சொல்லும் ஒயர் ஒருநாள் கழன்றுவிட்டது. பதில் வரவில்லை, பழைய மேடை என்று நம்பிய கம்ப்யூட்டர் எடையில் பாதியைக் காட்டியது. டிராக்டரில் புளி கொண்டுவந்தவன், விவசாயி ஒருவரின் தம்பி. வழியில் பாதியை விற்றுவிட்டான் என்று நினைத்து, அண்ணன் அவனை மண்டியில் அத்தனை பேர் முன்னாலும் அறைந்துவிட்டார். அவன் அப்படியே மண்டியை விட்டுப் போய்விட்டான்.

மறுநாள் நான் போய் ஒயரை மாட்டி, சரியான எடையைக் காட்டி, தப்பு எங்களுடையது என்றேன். அந்த அண்ணன் எடையைப் பார்க்கவே இல்லை. "மிசின சரி பண்ணிட்டீங்க சார், சரி. நேத்தே மொரப்பூர்ல ரயிலேறிட்டான் எந்தம்பி, எந்த ஊருன்னுகூட வூட்ல சொல்லல. அவங்கிட்ட யாருங்க போயி சொல்றது?"

தப்பைப் பார்க்காமல் கையெழுத்துப் போடுகிறவன் கத்துக்குட்டி, பார்த்துவிட்டும் போடுகிறவன் சீனியர். அந்த வருஷம்தான் எனக்குப் பதவி உயர்வு வந்தது.